தந்ததாதுவும் வேளைக்காரப் படையும்

இலங்கைச் சரித்திரம் கற்பிக்கும் சைவ ஆசிரிய அன்பர்கள் வகுப்பில் ஒரு வினாவை எதிர்கொள்வதுண்டு. பௌத்தத்துக்கும் தமிழருக்கும் யாது தொடர்பு என்பதே அது. படையெடுப்புக்களைக் கூறும் பக்கங்களை மாத்திரம் படித்த பிள்ளை, பகையன்றி வேறு தொடர்பு இல்லை என்றே எண்ணிக்கொள்ளும். ஒருகொடவத்தையில் வாழும் பிள்ளைகளோ களனி விகாரைக்கு அயலில் உள்ளவர்கள். துருத்துப் பெரகராவைக் கண்டு வளர்பவர்கள். அவர்களுக்கு இவ்வினாவின் விடையைச் செவ்விதிற் கூறுதல் நம் கடனாகும்.

பௌத்தம் இந்நாட்டில் அரசின் வழியே வேரூன்றியது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தேவானம்பிய தீசன் மகிந்த தேரரை வரவேற்ற நாள்முதல் அரசும் சங்கமும் பிணைந்தன. கடல்கடந்த சப்பானிலும் இந்நெறியே நிகழ்ந்தது. ஆறாம் நூற்றாண்டிற் கொரியாவின் பெக்சே மன்னன் புத்தர் படிமத்தைச் சப்பானிய வேந்தனுக்கே அனுப்பினான். அதனை ஏற்பதா மறுப்பதா என்பது சோகா, மொனோனோபே என்னும் குடிகளுக்கிடையே அரசியற் பூசலாய் மூண்டு, 587-இற் போரில் முடிந்தது.

இலங்கையில் அரசுரிமையின் அடையாளமாய் நின்றது தந்ததாது. நான்காம் நூற்றாண்டிற் கலிங்கத்தினின்று வந்த இது, நாளடைவில் அதனை உடையவனே அரசன் என்று கருதப்படும் நிலையை எய்திற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டியர் சேனாபதி ஆரியச்சக்கரவர்த்தி யாப்பகுவையினின்று அதனைக் கவர்ந்து சென்றபோது, மூன்றாம் பராக்கிரமபாகு தானே பாண்டிய வேந்தனிடஞ் சென்று இரந்து மீட்டான் என்றால், அதன் மதிப்பு எத்துணைத்து என்பது விளங்கும்.

இத்தகைய தாதுவை ஒருகாலத்துக் காத்தவர் யாவர்? 1070-இற் சோழராட்சியை அகற்றிய முதலாம் விசயபாகு பொலன்னறுவையில் தந்ததாதுவுக்குக் கோயில் எடுப்பித்தான். அவன் 1110-இல் இறந்தபின் அரியணைப் போட்டி எழுந்தது. அவ்வமயத்தில் இராசகுருவாகிய முகலன் தேரர் வேளைக்காரப் படையினரை அழைத்து, அக்கோயிலின் காவலை ஏற்கும்படி வேண்டினார். அவர்களும் இசைந்து, தம் உடன்பாட்டைத் தமிழிற் கல்லில் வெட்டுவித்தனர். வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் எனப் பல பகுப்பினர் அப்படையில் இருந்தனர். தமக்கு மூதாதையரான வளஞ்சியரையும் நகரத்தாரையும் கூட்டியே இதனை முடிவுசெய்தனர். கோயிலுக்கு "மூன்றுகைத் திருவேளைக்காரன்" என்று தம் பெயரையே இட்டனர். கோயிலின் ஊர்களையும் பணியாளரையும் பொருளையும், ஆங்கு அடைக்கலம் புகுந்தோரையும், தாம் கெட்டும் காப்பதாகத் தம் குலம் உள்ளளவும் செல்லும் உறுதி கூறினர். இதற்கு மாறு செய்வோன், புத்த தன்ம சங்கங்களுக்குப் பிழைத்தோன் புகும் நரகம் புகுவான் என்றும் அதில் எழுதினர்.

இப்படையினர் முன்னொருகால் விசயபாகுவுக்கு எதிராகக் கலகம் விளைத்ததுமுண்டு. சோழர்மேற் போருக்கு ஏவப்பட்டபோது செல்ல மறுத்துச் சேனாபதிகளைக் கொன்று அரண்மனையைக் கொளுத்தினர். அரசன் அவர்களைக் கொடிதாய் ஒறுத்தான். இதனை மறைத்து நற்செய்தியை மாத்திரம் கற்பித்தல் தகாது. கலகஞ் செய்த படையிடமே நாட்டின் தலைமையான தாதுவை ஒப்புவிக்க ஒரு தேரர் துணிந்தார் என்பதே இவ்வரலாற்றிற் சிந்திக்கத்தக்க பகுதி என்பது எம் கருத்து.

கல்வெட்டின் படியைப் பெறக்கூடிய ஆசிரியர்கள் மேல்வகுப்பு மாணாக்கரை எழுத்துக்கூட்டிப் படிக்கச் செய்வாராக. வடமொழித் தொடக்கம் கிரந்த எழுத்தில் உள்ளதாகலின் அதனை விட்டுத் தமிழ்ப் பகுதியிற் றொடங்குதல் எளிது.

அதனோடு சேர்த்துக் கற்பிக்கத்தக்கது கந்தளாயை அடுத்த பளமோட்டையிற் கிடைத்த கல்வெட்டு. அதுவும் விசயபாகு காலத்தது, அவனது 42-ஆம் ஆட்சியாண்டினது, தமிழிலேயே உள்ளது. நங்கைச்சானி என்னும் பார்ப்பனி தன் கணவன்பொருட்டுச் சிவன்கோயிலுக்கு அளித்த அறக்கொடையை அது கூறும். அக்கோயிலின் பெயர் விசயராச ஈச்சுரம்; பௌத்த அரசனின் பெயரையே அது தாங்கியுள்ளது. அவ்வறத்தைக் காக்கும் பொறுப்பும் வேளைக்காரரிடமே ஒப்புவிக்கப்பட்டது.