கரைதட்டியோரும் கைவிடப்பட்டோரும்

ஆங்கிலத்தில் 'ஸ்ட்ராண்ட்' என்றால் கடற்கரை. கரையில் தரைதட்டி நின்ற கப்பலையே 'ஸ்ட்ராண்டட்' என்ற சொல் முதலில் குறித்தது. பின்னர் நடுவழியில் நின்றுவிட்ட மனிதருக்கும் உரியதாயிற்று. இதில் வினைமுதல் இல்லை. நீர் வற்றியது, கப்பல் நின்றது, குற்றவாளி எவருமில்லை.

'மரூண்ட்' என்பது, தப்பியோடிய அடிமைகளைக் குறித்த ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. கடற்கொள்ளையர் ஒருவனைத் தனித்தீவில் இறக்கிவிட்டுச் செல்லும் தண்டனைக்கு அதுவே பெயர். இன்று வெள்ளம் சூழ்ந்த வீடுகளையும் அவ்வாறு சொல்கிறார்கள். 2022 செப்டம்பரில் பெங்களூருவின் சர்ஜாபுரச் சாலைப் பகுதியில் மக்கள் டிராக்டர்களில் வெளியேறினார்களே, அந்த நிலை. 'அபாண்டன்ட்' என்பதிலோ கைவிட்டவர் ஒருவர் உண்டு. காக்கும் கடமை அவருக்கு இருந்தது என்னும் குறிப்பும் உண்டு.

தமிழில் இம்மூன்றையும் 'சிக்கித் தவிப்போர்' என்று எழுதிவிடுகிறோம். நானும் அவ்வாறே எழுதி வந்தேன்.

2020 மார்ச்சில் பயணிகள் ரயில்கள் நின்றன. வேற்றிடங்களில் 'ஸ்ட்ராண்டட்' ஆகியிருக்கும் தொழிலாளர், யாத்திரிகர், மாணவர் முதலியோர் ஊர் திரும்பலாம் என்று மத்திய உள்துறை ஏப்ரல் 29 அன்று ஆணையிட்டது. ஜீவனஹள்ளியில் அன்பர்கள் சிலருடன் சேர்ந்து, தொழிலாளர்களுக்கு 'சேவா சிந்து' இணையதளத்தில் விண்ணப்பம் நிரப்பித் தந்தோம். அப்பணி குறித்துத் தமிழில் ஓர் அறிக்கையும் எழுதிவந்தேன்.

மே 5 அன்று கட்டுமான நிறுவனத்தார் முதலமைச்சரைச் சந்தித்தனர். அதன்பின், சிறப்பு ரயில்களை நிறுத்துமாறு கர்நாடக அரசு ரயில்வேயைக் கேட்டுக்கொண்டது. மறுநாள் ஒடிசாவைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர் வந்தார். சென்னையில் சில ஆண்டுகள் வேலை செய்தவராதலால் தமிழ் பேசுவார். அவர் ஆறுதலடையட்டும் என்று எண்ணி, "உங்களைக் கைவிட்டுவிட்டார்களே!" என்றேன்.

"யாரும் எங்களைக் கைவிடவில்லை, சாமி. போகவிடத்தான் மாட்டேன் என்கிறார்கள்" என்றார் அவர்.

தத்துவம் பயின்ற எனக்கு அந்த வேறுபாட்டை அவர்தாம் கற்பித்தார். நான் எழுதிவந்த சொல்லும் தவறு, ஆறுதலாகச் சொன்ன சொல்லும் தவறு. கப்பல் தரைதட்டவில்லை, அதை எவரும் துறந்து செல்லவுமில்லை. நீர் நிறைந்தே இருந்தது; கயிற்றை ஒருவர் பிடித்திருந்தார். வேண்டாதவரைக் கைவிடுவார்கள், இவர்களோ வேண்டப்பட்டதால் நிறுத்தப்பட்டவர்கள்!

எதிர்ப்பு எழவே அரசு மே 7 அன்று முடிவை மாற்றிக்கொண்டது. மறுநாள் முதல் ரயில்கள் மீண்டும் புறப்பட்டன. அறிக்கையில் அந்த இடைநாட்களைக் குறித்த பகுதியில் மட்டும் 'சிக்கித் தவித்தோர்' என்பதை அடித்துவிட்டு, 'தடுத்து நிறுத்தப்பட்டோர்' என்று எழுதினேன். மே 5 வரையுள்ள பக்கங்களில் பழைய சொல்லையே விட்டுவைத்தேன். அங்கே அது பிழையன்று.