உடையும் இடம் மரத்துக்குத் தெரியும்

கெலாங் பாத்தா என்ற மலாய்ப் பெயருக்கு ‘உடைந்த வளையல்’ என்று பொருள். பெயர் வந்த கதை இருக்கட்டும், மாணவர்களே. பொருள்கள் எந்த இடத்தில் உடைகின்றன என்று கவனித்திருக்கிறீர்களா?

வீட்டில் விரிசல் விட்ட நெகிழி நாற்காலி இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலும் காலும் இருக்கையும் சேரும் உள்மூலையில்தான் விரிசல் தொடங்கியிருக்கும். (பாட்டி அதில் உட்காரும் முன் பார்த்துவிடுவது நல்லது.) சுமை ஏறும்போது பொருளின் ஒவ்வொரு பகுதியிலும், பரப்பளவுக்கு ஏற்ப இவ்வளவு என்று விசை விழுகிறது. இதைத் தகைவு என்பார்கள். மெல்ல வளையும் இடத்தில் தகைவு பரவிக்கொள்ளும். கூரான உள்மூலையில் குவிந்துவிடும்.

கெலாங் பாத்தாவுக்கு மேற்கே சுங்கை பூலாய் ஆற்று முகத்துவாரம் இருக்கிறது. அங்குள்ள சதுப்புநிலக் காட்டில் 9,126 ஹெக்டர் பரப்பு 2003-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பாக்காவ் மரங்கள் சேற்றில் ஊன்றிய வளைந்த வேர்களின்மேல் நிற்கின்றன. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பள்ளித் திடலில் உள்ள பெரிய மரத்தின் அடியைப் பார்த்தாலும் போதும். தண்டு தரையில் நேராகச் சொருகியதுபோல் இருக்காது. கீழே வரவர அகன்று, வளைந்து வேரோடு கலக்கும்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஆய்வு செய்த இயற்பியலாளர் கிளாஸ் மாத்தெக் இதற்கு விளக்கம் சொன்னார். காற்று தண்டை ஆட்டும்போது எங்கே தகைவு அதிகமோ, அங்கே மரம் கூடுதலாகத் தடிக்கிறது. அதனால் மேற்பரப்பு முழுவதும் தகைவு ஏறக்குறைய சமமாகிவிடுகிறது. மரத்திடம் வரைபடம் கிடையாது, இந்த ஒரு விதிதான்.

எலும்பு இன்னும் ஒரு படி மேலே. மரத்தால் கட்டையைச் சேர்க்க மட்டுமே முடியும். எலும்போ, வேலை இல்லாத இடத்தில் தன்னையே கரைத்துக்கொள்ளும். டென்னிஸ் வீரர்களுக்கு மட்டையைப் பிடிக்கும் கையின் எலும்பு தடிப்பதும், எடையின்றி மிதக்கும் விண்வெளி வீரர்களுக்கு எலும்பு தேய்வதும் இதனால்தான்.

மாத்தெக் குழு இவ்விரண்டு விதிகளையும் கணினி நிரலாக்கியது. பொறியாளர் சுமையைக் குறிப்பிட்டால், நிரல் ஒரு பாகத்தை மரம்போல் வளர்க்கும், எலும்புபோல் கரைக்கும். 2005-இல் மெர்சிடிஸ்-பென்ஸ் காட்டிய ‘பயோனிக்’ சோதனைக் காரின் கட்டமைப்பில் எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது இப்படித்தான். அந்தக் கார் பெட்டி மீனின் உருவத்தில் இருந்ததால் எல்லாரும் மீனைப் பற்றியே பேசினார்கள். என்னைக் கேட்டால், உருவத்தைப் பார்த்துச் செய்வது எளிது. வளரும் விதியைக் கண்டெடுத்ததுதான் பெரிய வேலை, அது எந்தப் பொருளுக்கும் உதவும்.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நீங்கள் செய்த தாங்கி உடைந்தால் என்ன செய்வீர்கள்? முழுவதையும் தடிமனாக்குவீர்கள். அடுத்த முறை மாத்தெக்கின் முக்கோண முறையைச் செய்து பாருங்கள். கணினி வேண்டாம்.

ஒரே பாலிஸ்டைரீன் பலகையில் இரண்டு உருவங்கள் வரையுங்கள். ஒவ்வொன்றிலும் அகலமான ஒரு கட்டையும், அதிலிருந்து நீளும் ஒடுங்கிய கையும் இருக்கட்டும். கட்டையைத் தரை என்றும், கையைப் படுத்திருக்கும் தண்டு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் உருவத்தில் மூலையைக் கூராகவே விடுங்கள். இரண்டாவதில், கையின் மேல்பக்க மூலையை அடைத்து 45 பாகை முக்கோணம் ஒன்று வரையுங்கள். அதன் சாய்கோடு கையைத் தொடும் இடத்தில் சிறிய மூலை ஒன்று மிஞ்சும். சாய்கோட்டின் நடுப்புள்ளியிலிருந்து அந்த மூலைக்கு எவ்வளவு தூரமோ, மூலையிலிருந்து கையின் நீளவாக்கில் அவ்வளவு தூரம் அளந்து, இரு முனைகளையும் இணையுங்கள். இது 22.5 பாகை. இதேபோல் இன்னொன்று. பிறகு முனைகளை மழுக்கி வெட்டுங்கள்.

கட்டையை மேசை விளிம்பில் இறுக்கி, கையின் நுனியில் ஒரு பையைத் தொங்கவிட்டு, சிறிது சிறிதாக மணல் போடுங்கள். எந்த உருவம் எத்தனை கிராமில், எந்த இடத்தில் உடைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். முக்கோணம் போட்ட உருவம் மூலையில் உடையாமல் வேறெங்காவது உடைந்தால், அடுத்த முக்கோணம் அங்கேதான்.