பாப்பாவை எங்கே சேர்க்கப் போகிறோம்?



ஏப்ரல், மே மாதம் வந்துவிட்டால் நம் குழுக்களில் கடன் கேட்கிறவர்கள் அதிகமாகிவிடுகிறார்கள். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் காரணம் என்ற இடத்தில் "படிப்புச் செலவு" என்று எழுதியிருக்கும். என்ன படிப்பு என்று கேட்டால் காலேஜும் இல்லை, நர்ஸிங்கும் இல்லை. "எல்.கே.ஜி. மேடம்" என்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு முப்பதாயிரம் ரூபாய் கடன்!

பரங்கிப்பேட்டை பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில், முதல் குழந்தை பெற்ற ஒரு தங்கை என்னிடம் கேட்டாள்: "அக்கா, எது நல்ல ஸ்கூல்னு நீங்களே சொல்லிடுங்க, அங்கயே சேத்துடறேன்." நான் சொல்லவில்லை. எனக்கே அந்த விஷயத்தில் ஒரு சூடு பட்டிருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சமூகப் பணியில் பட்டம் வாங்கி, ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி கொடுக்கிறவள் நான். என் மகளுக்குப் பள்ளி தேடியபோது நானே ஏமாந்தேன். கண்ணாடிக் கதவு, சுவரெல்லாம் யானை, முயல் படம், குளுகுளு ஆபீஸ் ரூம். "ஆறு மாசத்துல உங்க பாப்பா இங்கிலீஷ்ல பேசும் மேடம்" என்றார்கள். வகுப்பைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "கிளாஸ் நடக்கும்போது பேரன்ட்ஸை விடறதில்ல, பிள்ளைங்க டிஸ்டர்ப் ஆயிடும்" என்றார்கள். சரி, ஒழுங்கான இடம் போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டேன்.

மூன்று மாதம் ஆனது. வீட்டில் ஓயாமல் பாடிக்கொண்டிருந்த பிள்ளை நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள். மாலையில் வேனை விட்டு இறங்கியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவாள். ஒருநாள் காய்ச்சல். டாக்டர் பார்த்துவிட்டு, சிறுநீரை அடக்கி அடக்கிக் கிருமி சேர்ந்திருக்கிறது என்றார். மடியில் போட்டுக்கொண்டு கேட்டேன், ஏன் பாப்பா ஸ்கூல்ல போகலை என்று. "இங்கிலீஷ்ல கேட்டாத்தாம்மா மிஸ் விடுவாங்க. எனக்கு அது வரலைம்மா" என்றாள்.

மறுநாள் சொல்லாமல் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரே அறையில் நாற்பதுக்கு மேல் குழந்தைகள், ஒரு டீச்சர். எல்லாரும் வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கட்டிய பணம் போனது போனதுதான். அப்புறம் எங்கள் தெருக்கோடி அங்கன்வாடியில் சேர்த்தேன். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அங்கேயும் குறை உண்டு, அதையும் சொல்கிறேன்.

எல்.கே.ஜி. எல்.கே.ஜி. என்கிறோமே, அது என்ன என்று எத்தனை பேருக்குத் தெரியும்? லோயர் கிண்டர்கார்டன் என்பதன் சுருக்கம். கிண்டர்கார்டன் என்றால் ஜெர்மன் மொழியில் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். ஃப்ரோபெல் என்கிற ஆசிரியர் 1837-ல் ஜெர்மனியில் ஆரம்பித்தார். செடி வளர்க்கிற மாதிரி, தண்ணீர் ஊற்றி, வெயில் காட்டி, அதன் போக்கில் வளர விடுவது என்று நினைத்துத்தான் அந்தப் பேர் வைத்தார். அங்கன்வாடி என்ற சொல்லிலும் முற்றம் என்ற அர்த்தம் இருக்கிறது. இத்தாலியில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்திய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் பேரைப் போர்டில் எழுதியிருக்கிற இடத்தில் எல்லாம் அவர் சொன்னது நடக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். உள்ளே போய்ப் பார்க்கணும்.

மூன்று வயதுப் பிள்ளையின் விரலுக்குப் பென்சில் பிடிக்கிற பலம் இன்னும் வந்திருக்காது. களிமண் உருட்டுவது, மணி கோர்ப்பது, பட்டாணி உரிப்பது, காகிதம் கிழித்து ஒட்டுவது, இதில்தான் அந்தப் பலம் வருகிறது. அதைச் செய்ய விடாமல் ஒரு பக்கம் முழுக்க ஏ, பி, சி எழுது என்றால் கை வலிக்கும், படிப்பின் மேலேயே வெறுப்பு வரும். மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது. அதைக் கேட்டவுடன் 'அப்போ இப்பவே நிறைய எழுத வைக்கணும்' என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அந்த வளர்ச்சி பேச்சிலும் விளையாட்டிலும் கதையிலும் நல்ல சாப்பாட்டிலும் நடப்பது. தாய்மொழியில் கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை, அப்புறம் எந்த மொழியையும் பிடித்துக்கொள்ளும்.

இனி, நமக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் அங்கன்வாடி. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்றைக்குக் கிட்டத்தட்ட 54 ஆயிரம் மையங்கள் இருக்கின்றன. 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டு வந்த சத்துணவுத் திட்டமும் இந்த வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துத்தான் தொடங்கியது. இன்றும் மதியச் சாப்பாடு, வாரத்தில் மூன்று நாள் முட்டை, சத்துமாவு, எடை பார்ப்பது, தடுப்பூசி, எல்லாம் இலவசம். "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" என்று மாதவாரியாகப் பாட்டு, கதை, விளையாட்டு வைத்துப் பாடத்திட்டமும் இருக்கிறது. நிறையப் பேருக்கு இது தெரியாது. சோறு போடுற இடம் என்றுதான் நினைக்கிறோம்.

குறை என்ன? பணியாளருக்குக் கணக்கு எழுதுகிற வேலை, சர்வே வேலை என்று நேரம் போய்விடுகிறது. பணியிடம் காலியாக இருந்தால் ஒருவரே இரண்டு மையம் பார்க்கிறார். சில இடத்தில் கட்டடம் ஒழுகுகிறது. பாட்டும் கதையும் நடக்கிற மையமும் உண்டு, பாய் விரித்துத் தூங்க வைத்து அனுப்புகிற மையமும் உண்டு. உங்கள் ஊர் மையம் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும். சரியில்லை என்றால் ஒதுங்கிவிடாமல் பத்துத் தாய்மார் சேர்ந்து போய்க் கேளுங்கள். மே 1 கிராம சபையில் தீர்மானம் போடலாம். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் குழுவின் முத்திரையோடு மனு கொடுக்கலாம். வசதி இருக்கிறவர்கள் எல்லாம் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டால், கேட்க ஆள் இல்லாமல் போய்விடுகிறது.

அரசு எல்.கே.ஜி.யும் உண்டு. 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் தொடங்கினார்கள். 2022-ல் மூடப்போவதாகச் செய்தி வந்து, பெற்றோரிடம் எதிர்ப்பு கிளம்பியதும் அதைக் கைவிட்டார்கள். பக்கத்து நடுநிலைப் பள்ளியில் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

தனியார் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று வீட்டில் முடிவானால், பணம் கட்டுமுன் 25 சதவீத ஒதுக்கீட்டைக் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009 கொடுக்கிற உரிமை இது, சலுகை இல்லை. ஜூலை 31 அன்று மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்கிற குடும்பங்களும், தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் போன்றவர்களும் விண்ணப்பிக்கலாம். வீடு பள்ளிக்கு 1 கிலோமீட்டருக்குள் இருந்தால் முன்னுரிமை. விண்ணப்பம் ஆன்லைனில்தான். இடத்தை விட மனு அதிகமாக வந்தால் குலுக்கல். பிறப்புச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், இருப்பிடச் சான்று இவற்றை இப்போதே இ-சேவை மையத்தில் எடுத்து வையுங்கள். கடைசி நாளில் வருமானச் சான்றுக்கு அலைந்து இடத்தை விட்டவர்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: 2025-ல் இந்தச் சேர்க்கை வழக்கம்போல் கோடையில் நடக்காமல் அக்டோபரில்தான் நடந்தது. அதனால் செய்தியைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

எந்த இடமானாலும் போய்ப் பாருங்கள். ஆபீஸ் ரூமை இல்லை, வகுப்பை. காலை பதினோரு மணிக்குப் போங்கள், அந்த நேரத்தில்தான் உண்மை தெரியும். குழந்தைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் பயப்படாதீர்கள். மூன்று வயது முப்பது பேர் ஒரு அறையில் சத்தமே இல்லாமல் இருந்தால்தான் பயப்படணும். டீச்சர் குழந்தையோடு பேசும்போது குனிகிறாரா, நின்றபடியே அதட்டுகிறாரா? அழுகிற பிள்ளையை யார் தூக்குகிறார்கள்? விளையாட்டுச் சாமான் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா, பீரோ மேல் பளபளவென்று அடுக்கியிருக்கிறதா? பளபளவென்று இருந்தால் யாரும் தொடுவதே இல்லை என்று அர்த்தம்.

அப்புறம் கழிவறைக்குப் போங்கள். வெட்கப்படாதீர்கள். தண்ணீர் வருகிறதா, குழந்தைக்கு எட்டுகிற உயரமா, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டால் வெளியிலிருந்து திறக்க முடியுமா, ஆயா யார், அவர் நாள் முழுக்க இருப்பாரா? "பாப்பா தமிழில் கேட்டால் விடுவீர்களா?" என்று நேராகவே கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.

கட்டடத்தை நிமிர்ந்து பாருங்கள். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் சமையல் தீ கூரையில் பற்றி 94 பிள்ளைகள் போனார்கள். நம் ஊரிலிருந்து எத்தனை தூரம்? ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளி, குறுகலான படிக்கட்டு. அதனால் சிறு பிள்ளைகளின் வகுப்பு தரைத்தளத்தில் இருக்கிறதா, இரண்டு வழி இருக்கிறதா, சமையல் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். அங்கீகார ஆணை, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று இந்த நான்கையும் காட்டச் சொல்லலாம். பிளே ஸ்கூல் என்று வாடகை வீட்டில் நடத்துகிற இடங்களுக்கும் 2015-லேயே அரசு விதிமுறை வந்துவிட்டது. "யார்மா இதெல்லாம் கேக்கறாங்க" என்பார்கள். நாம் கேட்கிறோம். தானே புயலும் 2015 வெள்ளமும் பார்த்த மாவட்டம் இது. மழைக்காலத்தில் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணி நிக்கும் என்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வேன். இதை எழுதும்போது மனம் கனக்கிறது. 2025 ஜூலை 8-ல் கடலூர் பக்கத்தில் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மேல் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்கு முன் 2012-ல் தாம்பரம் பக்கம், ஸ்கூல் பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. வேனில் டிரைவரைத் தவிர ஒரு உதவியாளர் இருக்கணும். எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறார்கள், எந்த வழியாகப் போகிறது, ரயில்வே கேட் உண்டா என்று கேட்டு, ஒருநாள் பின்னாலேயே போய்ப் பாருங்கள். என்னைக் கேட்டால், ஐந்து வயதுக்குள் நடந்து போகிற தூரமே நல்லது. பேர் பெற்ற பள்ளி பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அந்தப் பேர் பாப்பாவுக்கு எதற்கு?

பணக் கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்குப் பள்ளிக் கட்டணம் 18,000. வேன் மாதம் 800 என்றால் பத்து மாதத்துக்கு 8,000. சீருடை, புத்தகம், ஷூ 4,000. மொத்தம் 30,000. குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கி, மாதம் 3,000 அசலைக் கட்டினால் பத்து மாதத்தில் வட்டி 1,650. பதினோராவது மாதமே யு.கே.ஜி. கட்டணம் வந்து நிற்கும். ஒன்றாம் வகுப்புக்குப் போகுமுன் 60,000 ரூபாய்க்கு மேல், இரண்டு வருஷம் மூச்சு விடாத கடன். மீன் பாடு இல்லாத தடைக்காலத்தில், அறுவடை இல்லாத மாதத்தில் எப்படிக் கட்டுவீர்கள் என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு விண்ணப்பம் எழுதுங்கள். தனியார் பள்ளிக்கு அரசின் கட்டண நிர்ணயக் குழு ஒரு தொகையை முடிவு செய்திருக்கும். அது எவ்வளவு என்று கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

சேர்த்த முதல் வாரம் பிள்ளை அழும். என் மகள் இரண்டாவது இடத்திலும் நான்கு நாள் அழுதாள். கண் மறைவாக ஓடிவராதீர்கள். "அம்மா போயிட்டு, சாப்பாடு முடிஞ்சதும் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். முடிந்தால் முதல் இரண்டு நாள் கொஞ்ச நேரம் கூடவே இருங்கள். அதற்கு அனுமதிக்காத இடம் என்றால் காரணம் கேளுங்கள். ஒரு மாதம் ஆகியும் காலையில் வயிற்றுவலி, ராத்திரியில் படுக்கையை நனைப்பது, பேச்சு குறைவது என்று இருந்தால், "அடம்" என்று அடிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். யாராவது அடித்தாலோ, தொடக்கூடாத இடத்தில் தொட்டாலோ 1098-க்கு உடனே போன் செய்யலாம். கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள்.

பரங்கிப்பேட்டை தங்கை போன வாரம் போன் செய்தாள். மூன்று இடம் போய்ப் பார்த்துவிட்டாளாம். ஒரு இடத்தில் வகுப்பைக் காட்டவே இல்லையாம். ஒரு இடத்தில் கழிவறைக்குக் கதவு இல்லையாம். அங்கன்வாடியில் டீச்சர் நல்லா கதை சொல்றாங்க, ஆனா சமையல் ரூம் ஒழுகுது என்றாள். "வூட்டுக்காரர் இங்கிலீஷ் மீடியம்தான் வேணும்ங்கறாரு, அவரையும் கூட்டிட்டுப் போய்க் காட்டப் போறேன்க்கா" என்றாள்.

இந்த மாதக் கூட்டத்தில் சேமிப்பு, தவணை வசூல் முடிந்ததும் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். உங்கள் ஊரில் எத்தனை பிள்ளைகள் மூன்று வயதைத் தொடுகிறார்கள், யார் யார் எந்த இடத்தைப் பார்த்தீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஒரு நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்புங்கள். ஒழுகுகிற மையங்களின் பட்டியலைச் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம்.