பிழையைத் தேர்ந்தவர்

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரங்களிலும் இடுக்கியின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் தகரப் பெட்டிகளில், சதுர வடிவான பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை இன்றும் காணலாம். அத்தகைய படங்களை எடுத்த கருவிகளுள் ஒன்று ‘அக்பா கிளிக் 3’. இந்தியாவில் ஒரு தலைமுறையினர் முதன்முதலாகக் கையில் ஏந்திய ஒளிப்படக் கருவி அது. ஒரு சுருளில் 12 படங்கள் மட்டுமே எடுக்க இயலும். தொலைவுக்கேற்ப வில்லையைத் திருப்பும் வசதி அதில் இல்லை. மிக அருகில் நின்றவர் முகம் மங்கியே பதியும். இத்தகைய எளிய கருவிகள் பலவற்றில், சுருளை நகர்த்த மறந்தால் ஒரே படத்தில் இரு காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். பின்புறத்து இடுக்கு வழியே ஒளி கசிந்தால் படத்தின் குறுக்கே வெண்கீற்றுத் தோன்றும்.

பெரும்பாலான பிழைகள் படத்தைக் கெடுப்பவையே. எனினும் மலைச்சரிவில் நின்ற ஒருவரும் மூடுபனியும் வரம்பின்றிக் கலந்து, எவரும் எண்ணியிராத அழகு சிலவேளை அமைந்துவிடும். அவ்வழகு எடுத்தவருக்கு உரியதா, கருவிக்கு உரியதா?

இவ்வினாவை ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டவர் ஜூலியா மார்கரெட் கேமரன். அவர் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தின் வைட் தீவில் குடியேறிய பின், 1863ஆம் ஆண்டு, தம் 48ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த மரப்பெட்டிக் கருவியைக் கொண்டு படமெடுக்கத் தொடங்கினார். கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமாயிற்று. கரி சேமித்த கொட்டகை இருட்டறையாயிற்று.

அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் வேதிக்கரைசலைப் பூசி, ஈரம் உலருமுன் படம் பதித்துக் கழுவி முடிக்க வேண்டும். படமெடுக்கப்படுபவர் பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். மூச்சு விட்டாலும் தலை சற்றே நகரும், முகவிளிம்பு மங்கும். கேமரனின் தகடுகளில் விரல் தடங்களும் கரைசல் வழிந்த சுவடுகளும் நிறைந்திருந்தன. இலண்டன் ஒளிப்பட இதழ்கள் சில அவரைத் தொழில் தெரியாதவர் என்றே இகழ்ந்தன. அவ்விகழ்ச்சியில் ஓரளவு உண்மையும் உண்டு. அவர் தொழில் நுட்பத்தில் கைதேர்ந்தவரல்லர்.

ஆனால், 1874ஆம் ஆண்டு எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் கேமரன் ஒன்றை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். மங்கலான படங்களில் தமக்குக் கிட்டிய முதல் வெற்றிகள் தற்செயலானவை என்று தம் இளைய மகன் கூறியது மெய்யே என்கிறார். அடுத்து அவர் தரும் விளக்கமே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. வில்லையைத் திருப்பிக்கொண்டே வரும்பொழுது, தம் கண்ணுக்கு மிக அழகாகத் தோன்றிய இடத்தில் அவர் நிறுத்திவிட்டார். பிறர் வற்புறுத்திய கூர்மையை நோக்கி மேலும் திருப்பவில்லை. மங்கல் தானே நேர்ந்தது. நிறுத்தியது அவர் கை. விரிசல் கண்ட தகடுகளைக்கூட எறிந்துவிடாமல் சிலவற்றை அச்சிட்டார்.

அவருடைய இறுதி ஆண்டுகள் இலங்கையில் கழிந்தன. 1875ஆம் ஆண்டு கணவருடன் அங்குச் சென்று, களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்து, உள்ளூர் மக்களைப் படமெடுத்தார். அவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. 1879ஆம் ஆண்டு மறைந்த அவர் உறங்குமிடம் பொகவந்தலாவைத் தேவாலயத் தோட்டம். மூணாற்றைப் போலவே தமிழ்த் தொழிலாளர் வியர்வையால் பசுமையுற்ற மலை அது.

பிற்காலத்தில் நிலைமை தலைகீழாயிற்று. 1982ஆம் ஆண்டு ஹாங்காங்கில் உருவான ‘ஹோல்கா’ என்னும் மலிவான நெகிழிக் கருவியைக் கலைஞர்கள் தேடி வாங்கினர். விலையுயர்ந்த கருவிகளைக் கையாண்டு பழகிய செய்திப் படக்கலைஞர் டேவிட் பர்னெட், 2000ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் அல் கோரை ஹோல்காவால் எடுத்த படம் பரிசும் பெற்றது. இன்றோ கைப்பேசிச் செயலியில் ஒரு பொத்தானைத் தொட்டால் போதும். ஒளிக்கசிவும் கறையும் மங்கலும் கேட்ட அளவில் கிடைக்கும். கேட்டுப் பெறுவதைத் தற்செயல் என்பது எங்ஙனம்? கேமரனின் வில்லை எங்கு நிற்கும் என்பது, அவர் திருப்பத் தொடங்கியபொழுது அவருக்கே தெரியாது.

பயிற்சி

1. கேமரனை இகழ்ந்தவர்களின் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு எனப் பாடம் கூறுவதேன்?
2. ‘மங்கல் தானே நேர்ந்தது, நிறுத்தியது அவர் கை’ – இத்தொடரை விளக்குக.
3. உங்கள் வீட்டிலுள்ள பழைய படமொன்றில் காணும் பிழையை உற்றுநோக்குக. அப்பிழை நீங்கினால் படம் சிறக்குமா, குறையுமா? ஒரு பத்தியில் எழுதுக.