போர்க்களம் காணும் பயணங்கள்: லடாக் உணர்த்தும் பாடம்

சுற்றுலா என்றதும் கோயில்களும் கடற்கரைகளும் கோடை வாழிடங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அண்மை ஆண்டுகளில் இவற்றோடு வேறொரு வகையும் சேர்ந்திருக்கிறது. நாட்டின் எல்லையைக் காக்கப் போர்கள் நடைபெற்ற இடங்களுக்கு, விவரம் அறிந்த வழிகாட்டியின் துணையோடு சென்று வருவதே அது. 2025 ஜனவரி 15, இராணுவ நாளன்று, மத்தியப் பாதுகாப்பு அமைச்சகம் 'பாரத் ரண்பூமி தர்ஷன்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இராஜஸ்தானின் பாலைவனம் முதல் அருணாசலப் பிரதேசத்தின் பள்ளத்தாக்குகள் வரை எழுபதுக்கும் மேற்பட்ட இடங்கள் இதில் இடம்பெற்றுள்ளன. இத்தகைய பயணங்களின் பயன் யாது, அவற்றால் எல்லைப்புற மக்களுக்கு விளையும் நன்மை யாது, கவனிக்க வேண்டிய இடர்ப்பாடுகள் யாவை என்பன ஆராயத்தக்கவை. இவ்வாய்வுக்கு லடாக்கைப் போல் பொருத்தமான பகுதி வேறொன்று கிடைப்பது அரிது.

நிலத்தின் இயல்பு

லடாக்கின் பரப்பு 59,146 சதுர கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2,74,289 மட்டுமே. மழை மிகக் குறைவு. மரமற்ற பழுப்பு மலைகளுக்கிடையே ஆற்றோரங்களில் மட்டும் பசுமை தென்படும். பார்லியும் கோதுமையும் பயிராகும் சிறு வயல்களையும், சர்க்கரைப் பாதாமி, வில்லோ, பாப்ளார் மரங்களையும் சுற்றியே ஊர்கள் அமைந்துள்ளன. 2019 அக்டோபர் 31 முதல் இது தனி யூனியன் பிரதேசமாக விளங்குகிறது.

இந்நிலத்தில் போரின் போக்கை முடிவு செய்தவை சாலையும் உயரமுமே. ஸ்ரீநகரிலிருந்து லே வரை செல்லும் நெடுஞ்சாலையின் நீளம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். 'லா' என்றால் கணவாய். ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் உள்ள சோஜி லாவைக் கடந்து, திராஸ் வழியாக, நடுவழியில் உள்ள கார்கிலை இச்சாலை அடைகிறது. திராசுக்கும் கார்கிலுக்கும் இடைப்பட்ட பகுதியில் கட்டுப்பாட்டுக் கோடு சாலைக்கு மிக அருகில் வருகிறது. அங்குள்ள சிகரங்களில் ஏறியவருக்குச் சாலையில் செல்லும் ஒவ்வொரு வண்டியும் கண்ணுக்குத் தெரியும். சாலை துண்டிக்கப்பட்டால் லேக்கும் அதற்கு அப்பால் உள்ள சியாச்சினுக்கும் செல்லும் உணவும் எரிபொருளும் தடைப்படும். இந்த ஒரு செய்தியைத் தெளிவாக உணர்ந்தவருக்கு 1948 முதல் 1999 வரை இங்கு நடந்த போர்களின் காரணம் விளங்கிவிடும்.

ஒரே சாலை, பல போர்கள்

1948 மே மாதத்தில் பாகிஸ்தான் தரப்பினர் கார்கிலையும் திராசையும் கைப்பற்றி, சோஜி லாவையும் அடைத்தனர். லேயின் நிலை ஆபத்துக்குள்ளாயிற்று. சோனம் நோர்பு என்னும் லடாக்கியப் பொறியாளர் உள்ளூர் மக்களின் உழைப்பைக் கொண்டு லேயில் ஒரு விமான ஓடுதளத்தை அமைத்திருந்தார். 1948 மே 24 அன்று ஏர் கமடோர் மெஹர் சிங் தமது டகோட்டா விமானத்தை அதில் இறக்கினார். அவ்விமானத்தில் மேஜர் ஜெனரல் திம்மய்யாவும் உடன் சென்றார். லே காப்பாற்றப்பட்டதற்கு இந்த ஓடுதளமே முதற்காரணம் எனலாம்.

சோஜி லாவை மீட்கக் காலாட்படை எடுத்த முயற்சிகள் செப்டம்பரில் தோல்வியுற்றன. பின்னர், அவ்வளவு உயரத்தில் எவரும் எதிர்பாராத வகையில், டாங்கிகளைக் கொண்டுசெல்ல முடிவாயிற்று. கோவேறு கழுதைகள் செல்லும் பாதையை டாங்கி செல்லும் வழியாக விரித்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைப்பிரிவினர். 1948 நவம்பர் முதல் நாள், பனி பொழிந்துகொண்டிருந்தபோது, ஏழாவது லைட் காவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் கணவாயைக் கடந்தன. அம்மாதம் முடிவதற்குள் திராசும் கார்கிலும் மீட்கப்பட்டன.

கார்கில் நகருக்கு எதிரே நிற்கும் ஒரு குன்று, அதன் உயரத்தைக் கொண்டே 'பாயிண்ட் 13620' என்று அழைக்கப்படுகிறது. அக்குன்றின் வரலாறு தனியாகக் கூறத்தக்கது. 1965 மே மாதத்தில் இந்தியப் படை அதைக் கைப்பற்றிப் பின் திருப்பி அளித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மீண்டும் கைப்பற்றியது. தாஷ்கந்து உடன்பாட்டின்படி மீண்டும் திருப்பி அளித்தது. 1971 டிசம்பரில் மூன்றாம் முறையாகக் கைப்பற்றிய பிறகே அது நிலையாக நம் வசம் ஆயிற்று. ஒரே குன்றுக்காக மூன்று முறை உயிர்கள் பலியாயின. உடன்படிக்கை மேசையில் வரையப்படும் ஒரு கோடு, மலையில் நிற்கும் சிப்பாய்க்கு எத்தகையது என்பதை இக்குன்றைப் போல் விளக்கும் பாடம் வேறில்லை.

1999-இல் நடந்தது பலர் அறிந்ததே. குளிர்காலத்தில் காலியாக விடப்பட்டிருந்த சிகரங்களில் பாகிஸ்தான் படையினர் நிலைகொண்டனர். மே மாதத் தொடக்கத்தில் படாலிக் பகுதியைச் சேர்ந்த மேய்ச்சல்காரர்கள் அவர்களைக் கண்டு இராணுவத்துக்குத் தெரிவித்தனர். ஜூன் 13 அன்று தோலோலிங்கும், ஜூலை 4 அன்று 5,062 மீட்டர் உயரமுள்ள டைகர் ஹில்லும் மீட்கப்பட்டன. ஜூலை 26 அன்று போர் முடிவுற்றது. அதில் உயிர் நீத்த இந்தியப் படையினர் 527 பேர். திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் மே 29 அன்று படாலிக் பகுதியில் வீழ்ந்தார். அவருக்கு வீர சக்கர விருது வழங்கப்பெற்றது. தோலோலிங்கின் அடிவாரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி, திராஸ் போர் நினைவகம் அமைந்துள்ளது. உயிர் நீத்தோரின் பெயர்கள் அங்குச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன.

கிழக்கு லடாக்கில், சுஷூலுக்கு அருகே உள்ள ரெசாங் லா, 1962-இன் நினைவைத் தாங்கி நிற்கிறது. அவ்வாண்டு நவம்பர் 18 அன்று, 16,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் 13-ஆம் குமாவோன் பட்டாலியனின் ஒரு கம்பெனி சீனப் படையை எதிர்த்து நின்றது. ஏறத்தாழ 120 பேரில் 114 பேர் மாண்டனர். மறு ஆண்டு பனி விலகத் தொடங்கிய போதுதான் உறைந்த உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. இங்குள்ள நினைவகம் புதுப்பிக்கப்பட்டு 2021 நவம்பர் 18 அன்று திறந்துவைக்கப்பட்டது.

எல்லை நகர்ந்த ஊர்கள்

போர் என்பது படைகளின் கதை மட்டுமன்று. கார்கிலுக்கு அருகே ஹுந்தர்மான் என்றொரு சிற்றூர் உள்ளது. 1971 வரை அது பாகிஸ்தானின் கட்டுப்பாட்டில் இருந்தது. அவ்வாண்டுப் போருக்குப் பின் அம்மக்கள் இந்தியக் குடிமக்கள் ஆயினர். அவர்களுள் பலருடைய உறவினர் மறுபுறத்தில் தங்கிவிட்டனர். மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கட்டப்பெற்ற பழைய கல்வீடுகளை விட்டு மக்கள் வேறிடம் பெயர்ந்த பின், அவற்றுள் ஒன்று சிறிய நினைவுக் காட்சியகமாக ஆக்கப்பட்டுள்ளது. பிரிந்த உறவினர் எழுதிய கடிதங்களும், விட்டுச் சென்ற பாத்திரங்களும், அன்றாடப் பொருள்களும் அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன.

நுப்ரா பள்ளத்தாக்கில், ஷியோக் ஆற்றங்கரையில் உள்ள துர்துக்கின் கதையும் இத்தகையதே. 1971 டிசம்பரில் மேஜர் செவாங் ரிஞ்சன் தலைமையில் சென்ற லடாக்கிய வீரர்கள் துர்துக்கையும் அதனை அடுத்த மூன்று ஊர்களையும் இந்தியாவின் வசமாக்கினர். இங்கு வாழ்வோர் பால்டி மொழி பேசும் முஸ்லிம்கள். 2010-ஆம் ஆண்டை ஒட்டியே இவ்வூர் வெளியாருக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று பல வீடுகளில் விருந்தினர் தங்குகின்றனர். சர்க்கரைப் பாதாமித் தோட்டங்களைக் காண வருபவர், ஒரே குடும்பம் இரு நாடுகளாகப் பிரிந்த வரலாற்றையும் கேட்டுச் செல்கின்றனர்.

வழிகாட்டியின் பொறுப்பு

இவ்விடங்கள் பலவற்றில் கண்ணுக்குப் புலப்படுவது வெறும் மலையே. கோட்டையோ கோபுரமோ கிடையாது. ஆதலால், விளக்கிச் சொல்பவர் இல்லாவிடில் பயணி ஒரு புகைப்படத்தோடு திரும்பிவிடுவார். வழிகாட்டி என்பவர் இங்கு ஓர் ஆசிரியராகவே விளங்குகிறார்.

நல்ல வழிகாட்டி முதலில் நிலத்தைக் கற்பிக்கிறார். சாலையோரத்தில் பயணியை நிற்க வைத்து, தோலோலிங்கிலிருந்து அவ்விடம் எவ்வாறு தெரியும் என்று காட்டுகிறார். படையினர் இரவில் ஏன் ஏறினர், மறைவிடமற்ற சரிவில் பகலில் ஏறுவது ஏன் இயலவில்லை என்று விளக்குகிறார். கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று அரசு முடிவு செய்திருந்ததால், எதிரியைப் பின்புறமாகச் சென்று மடக்க வழியின்றி, நேர்ச்சரிவுகளிலேயே ஏற வேண்டியிருந்ததையும் எடுத்துக் கூறுகிறார். காற்றில் உயிர்வளி குன்றிய அவ்வுயரத்தில் ஒவ்வொரு தோட்டாவும், ஒவ்வொரு குவளை நீரும் மனிதர் முதுகில் ஏற்றப்பட வேண்டியிருந்தது. அச்சுமையைத் தாங்கியவர்களுள் உள்ளூர்ச் சுமைகாரர்களும் உண்டு. பயணி தாமே நூறு அடி ஏறி மூச்சு வாங்கும்போது இச்செய்தி ஏட்டறிவாக நில்லாமல் அனுபவமாகிறது.

இரண்டாவது கடமை உண்மையைக் காத்தல். திரைப்படங்களைக் கண்டு வருவோர் திரையில் கண்டதையே இங்கும் எதிர்பார்க்கின்றனர். கேட்போரை மகிழ்விக்க நிகழ்ச்சிகளை மிகைப்படுத்துவது எளிது. ஆனால், சுவரில் பெயர் பொறிக்கப்பட்டோரின் பெற்றோரும் மனைவியரும் மக்களும் இங்கு வருகின்றனர் என்பதை மறத்தல் ஆகாது. அவர்களும் அருகில் நின்று கேட்கக்கூடும் என்ற நினைவோடு பேசுவதே வழிகாட்டிக்கு அழகு. எதிர்த்தரப்பில் மாண்டவரும் மனிதரே என்னும் உணர்வும், ஷெல் வீச்சில் வீடிழந்த உள்ளூர் மக்களின் துயரும் அவர் உரையில் இடம்பெறுதல் வேண்டும்.

இப்பணிக்கு உள்ளூர் இளைஞரே மிகவும் ஏற்றவர். 1999-இல் ஊரைவிட்டு வெளியேறிய பெற்றோரின் வாய்மொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். வானிலையும் பாதையும் அவர்களுக்குப் பழக்கமானவை. ஆயினும், வரலாறு, முதலுதவி, மொழித்திறன் ஆகியவற்றில் முறையான பயிற்சியும் சான்றிதழும் அவர்களுக்குத் தேவை.

வருவாயும் வரம்பும்

லடாக் 1974-இல் சுற்றுலாவுக்குத் திறந்துவிடப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் வந்த பயணிகள் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டவர். அதாவது, வாழும் மக்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கினர் வந்து சென்றனர். இவர்களுள் பெரும்பாலோர் லே, நுப்ரா, பாங்காங் ஏரி ஆகியவற்றையே நாடுகின்றனர். ஸ்ரீநகரிலிருந்து வருவோருக்குக் கார்கில் ஓர் இரவுத் தங்கல் இடமாகவும், திராஸ் ஒரு மணி நேர நிறுத்தமாகவும் அமைந்துவிடுகின்றன. நன்கு திட்டமிட்ட வழிகாட்டுப் பயணங்கள் பயணியை இன்னும் ஓரிரு நாள் தங்கச் செய்யும். அதன் பயன் வீட்டு விடுதி நடத்தும் பெண்களுக்கும், வண்டி ஓட்டுவோருக்கும், உலர்பழம் விற்போருக்கும் நேரே சென்று சேரும்.

எல்லை ஊர்கள் காலியாகாமல் காப்பது நாட்டின் பாதுகாப்புக்கும் இன்றியமையாதது. 2023 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்ற 'துடிப்பான கிராமங்கள்' திட்டம் இந்நோக்கம் கொண்டதே. ரூ.4,800 கோடி மதிப்பிலான அத்திட்டத்தின் முதற்கட்டத்துக்குத் தெரிவு செய்யப்பட்ட 662 ஊர்களுள் 35 லடாக்கில் உள்ளன. சாலை வசதியும் பெருகி வருகிறது. 6.5 கிலோமீட்டர் நீளமுள்ள சோனாமார்க் சுரங்கப்பாதை 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. சோஜி லாவின் அடியில் அமைந்துவரும் சுரங்கப்பாதை முடிவுற்றால், குளிர்காலத்திலும் போக்குவரத்து நடைபெற இயலும்.

எனினும் சில எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, நீர். பனியுருகு நீரை நம்பி வாழும் நிலத்தில், விடுதிகளின் நீர்ச்செலவு வயல்களின் பங்கைக் குறைத்துவிடக் கூடாது. குப்பையும் அவ்வாறே. குளிரும் வறட்சியும் மிக்க இடத்தில் எறியப்பட்ட பொருள் எளிதில் மக்குவதில்லை. இரண்டாவது, உடல்நலம். லேயில் விமானத்திலிருந்து இறங்குபவர் ஒரே நாளில் 11,500 அடி உயரத்தை அடைகிறார். ஓரிரு நாள் ஓய்வின்றி மேலே செல்வது உயிருக்கே தீங்காகலாம். மூன்றாவது, வெடிக்காத குண்டுகள். 2023-இல் கார்கில் நகரை ஒட்டிய குர்பதாங்கில் பழைய குண்டு ஒன்று வெடித்துச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். குறிக்கப்பட்ட பாதையை விட்டு எவரும் விலகலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நான்காவது, நிலையின்மை. 2025 மே மாதத்தில் எல்லையில் மோதல் மூண்டபோது லே உள்ளிட்ட 32 விமான நிலையங்கள் சில நாள்கள் மூடப்பட்டன. எல்லையில் பதற்றம் எழுந்தால் முதலில் நின்றுபோவது சுற்றுலா வருவாயே. ஆதலால் உழவையும் கால்நடை வளர்ப்பையும் கைவிட்டு இதனை மட்டும் நம்புவது அறிவுடைமையன்று.

செய்யத்தக்கவை

உள்ளூர் வழிகாட்டிகளுக்குப் பயிற்சி அளிப்பதில் இராணுவமும் சுற்றுலாத் துறையும் மலை வளர்ச்சி மன்றங்களும் இணைந்து செயற்படலாம். முதியோரின் நினைவுகளை அவர்கள் உள்ளபோதே பதிவு செய்து, பயிற்சிப் பாடமாக்க வேண்டும். ஒரு நாளில் ஓரிடத்துக்குச் செல்லத்தக்கோர் எண்ணிக்கையை வரையறுத்து, நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை அவ்வூரின் நீர், துப்புரவுப் பணிகளுக்கென ஒதுக்கலாம். விளக்கப் பலகைகளும் சிறு நூல்களும் இந்தி, ஆங்கிலத்தோடு பிற இந்திய மொழிகளிலும் அமைதல் நன்று. சுவரில் உள்ள பெயர்கள் நாட்டின் பல மாநிலங்களைச் சேர்ந்தவை அல்லவா!

போர்க்களத்துக்குச் செல்வோர் வீரத்தை வியந்து திரும்புவது இயல்பே. அத்துடன், அம்மலைகளின் அடியில் ஆண்டு முழுவதும் வாழ்ந்து, குளிரையும் குண்டையும் தாங்கி, எல்லையை ஊராக வைத்திருப்போர் யார் என்பதையும் அறிந்து திரும்பினால்தான் பயணம் நிறைவுறும். அவர்களது வாழ்வு உயர்வதும், அவர்கள் வாயிலாகவே வரலாறு சொல்லப்படுவதும், மாண்டோருக்கு நாம் செலுத்தும் நன்றியின் ஒரு பகுதியேயாகும்.