பாபின் சுத்தத் தெரிஞ்சா, புல்வெட்டிக் கயிறும் சுத்தலாம்!

ஐப்பசி மழை விட்டதும் புல்லு முட்டி உசரம் வந்து நிக்கும். மெஷினைத் தூக்குவோம், அன்னைக்குன்னு பார்த்து நைலான் கயிறு தீர்ந்திருக்கும். உடனே கடைக்குத் தூக்கிட்டு ஓடாதே தங்கச்சி. தட்டினா கயிறு வர்ற ஹெட்டா இருந்தா, பத்து நிமிஷ வேலைதான். அக்கா சொல்றபடி செஞ்சு பாரு.

முதல்ல மெஷினை அடக்கு: பெட்ரோல் மெஷினா இருந்தா ஸ்பார்க் பிளக் மூடியை உருவிடு. பேட்டரின்னா கழட்டிடு, கரண்ட்டுன்னா பிளக்கைப் பிடுங்கிடு. சூடு ஆறட்டும், அப்புறம் கை வை.

கடைக்குத் துண்டோட போ: மிச்சமிருக்கிற பழைய கயித்துல ஒரு துண்டு கையோட இருக்கட்டும். 2 மி.மீ., 2.4 மி.மீ., 3 மி.மீ.ன்னு பல தடிமன் உண்டு. தடிமன் கூடினா துளையில சிக்கும், மெஷினும் திணறும். குறைஞ்சா சட்டுன்னு அறும்.

ராத்திரியே ஊறப்போடு: மாசக்கணக்கா கொட்டகையில காய்ஞ்ச நைலான் மொறுமொறுன்னு ஒடியும். நைலான் தண்ணியை உறிஞ்சும். ஒரு ராத்திரி வாளித் தண்ணியில கிடந்தா துவண்டு கொடுக்கும்.

முறத்து மேல வெச்சுத் திற: ரெண்டு பக்கக் கொக்கியையும் அமுக்கினா மூடி கழண்டு வரும். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கு, ஜாக்கிரதை! முதல் தடவை நான் திறந்தப்போ அது கோரைக்குள்ள துள்ளிப் போய், அரை மணி நேரம் தவழ்ந்து தேடினேன். அன்னையில இருந்து முறம் இல்லாம மூடியைத் தொடுறதில்லை.

அம்புக்குறியைப் பார்த்துச் சுத்து: கயிறு எத்தனை மீட்டர்னு மெஷினோட வந்த புத்தகத்துல இருக்கும். பாதியா மடிச்சு, மடிப்பை ஸ்பூல் நடுவுல இருக்கிற வெட்டுல மாட்டு. ஸ்பூல்ல ஒரு அம்பு போட்டிருக்கும், அது காட்டுற பக்கமே சுத்தணும். தையல் மெஷின் பாபின்ல நூல் சுத்துவியே, அதே மாதிரி இறுக்கமா, ஒண்ணு பக்கத்துல ஒண்ணா. ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கே ஏறினா, நீ எத்தனை தட்டு தட்டினாலும் கயிறு வெளியே வராது. விளிம்பு வரைக்கும் நிரப்பாதே, அரை செ.மீ. விடு.

மூடுறதுக்கு முன்னாடி: ரெண்டு நுனியிலயும் ஒரு சாண் விட்டு, எதிரெதிர் வெட்டுல சொருகு. ஸ்பிரிங்கை வெச்சு, நுனிகளைத் துளை வழியா வெளியே விட்டு மூடு. அப்புறம் ரெண்டையும் ஒரு இழு இழுத்தா வெட்டுல இருந்து விடுபடும்.

கம்பி வேண்டவே வேண்டாம்: "கயிறு சீக்கிரம் தேயுது, சைக்கிள் பிரேக் கம்பியைப் போடு"ன்னு யாராவது யோசனை சொல்வாங்க. அறுந்த கம்பித் துண்டு தோட்டா மாதிரி பாயும். காலுக்கு ஷூவும் கண்ணுக்குக் கண்ணாடியும் நைலானுக்கே கட்டாயம்.

நுனியால வெட்டு: புல்லை அறுக்கிறது கயித்தோட நுனிதான். காம்பவுண்ட் சுவத்துல உரசினா கயிறும் தேயும். சூட்டுல உருகி ஸ்பூலுக்குள்ளயே ஒட்டிக்கவும் செய்யும். முருங்கைக் கன்னு, கொய்யாக் கன்னு பக்கம் மெஷினைக் கொண்டு போகாதே. பட்டையைச் சுத்தி உரிச்சுட்டா கன்னு பட்டுப்போகும். கன்னைச் சுத்தி ஒரு சாணுக்கு அருவாதான்.