கூடி விற்போம்

பெரியாறு பிரதானக் கால்வாயின் ஒருபோகப் பாசனத்தில் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே பருவத்தில் வருகிறது. அறுவடையும் ஒன்றாகவே வந்து சேர்கிறது. களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு மழைக்கும் கடனுக்கும் அஞ்சி நிற்பவருக்கு வியாபாரி சொல்வதே விலை. பத்து மூட்டைக்காக லாரி பிடிக்கவும் முடியாது.

2017-18இல் தமிழக அரசு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 20 பேர் கொண்ட ஐந்து உழவர் ஆர்வலர் குழுக்கள் இணைந்து 100 பேரின் உற்பத்தியாளர் குழுவாயின. குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. இயந்திரம் வாங்கியதோடு வேலை முடிந்ததாக எண்ணுவோரும் உண்டு, அது தவறு. கூட்டு விற்பனை நாற்றங்காலிலேயே தொடங்குகிறது. எல்லோரும் ஒரே இரகம் விதைத்தால்தான் நெல் ஒரே குவியலாகச் சேரும்; கலப்பு நெல்லை ஆலைக்காரர் குறைத்தே கேட்பார். ஒருவரது ஈர நெல் மற்றவர் விலையையும் இறக்கிவிடும். எனவே மூட்டை சேருமிடத்திலேயே ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் உள்ளதா என அளந்து, எடையோடு எல்லோர் முன்னிலையிலும் பதியுங்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விற்பவரிடம் தரகு பிடிப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் அறுவடையன்று குழுவுக்கு வரமாட்டார். ஆகவே கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கான விண்ணப்பங்களை, விதைப்புக்கு முன்பே சேர்ந்து சென்று கொடுத்துவிடுங்கள்.